இஞ்ஞாசி ஒப்புக்கொண்ட லோடு

அடைமழை நாளில் காரைக்கால் தலத்தெருவுக்கு விருந்தாளி வருவதில்லை. வந்தால் கஷ்டத்தைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களாகத்தான் இருப்பார்கள். அன்று காலை பங்கஜவல்லியின் வீட்டுக்கு வந்த பெண்ணின் குடை காற்றில் திரும்பிக் கம்பி ஒடிந்திருந்தது. அதை வாசலில் சாய்த்துவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கக்கூடத் தெம்பில்லாமல் நின்றாள்.

"உள்ள வாம்மா. நனைஞ்சா நனையட்டும், நாற்காலிதானே" என்றார் பங்கஜவல்லி.

பங்கஜவல்லி இன்சூரன்ஸ் கம்பெனியில் விபத்துகளை விசாரிக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நொறுங்கிய வண்டிகளையும் அழுகிற மனிதர்களையும் பார்த்துப் பார்த்து அவர் முகத்தில் ஆச்சரியம் என்பதே வற்றிப்போயிருந்தது. அவருக்கும் சேர்த்து ஆச்சரியப்பட எதிர்வீட்டுக் கார்த்திகேசன் இருந்தார். எல்லார் கையிலும் போன் வந்தபிறகு கார்த்திகேசனின் பிரவுசிங் சென்டரில் ஈ ஓட்டுவதுதான் வேலை. யாராவது ஒரு பிரச்சினையோடு இந்த வீட்டுப் படி ஏறினால் போதும், ஐம்பது வயதிலும் பந்திக்கு முந்துகிற பையன் மாதிரி வந்து உட்கார்ந்துவிடுவார்.

வந்தவள் பெயர் சலோமி. கிளிஞ்சல்மேட்டுக்குப் போகும் சாலையில் வீடு. கணவன் இஞ்ஞாசி மீன் ஏற்றும் குளிர்பதன வேன் வைத்து ஓட்டியவன். போன மாதம், துறைமுகத்தில் இரவெல்லாம் நின்று லோடு ஏற்றிக் கிளம்பிய அந்த வேன், விடியும் நேரத்தில் நாகூருக்கு முன்னால் சாலையை விட்டு இறங்கி மதகில் மோதி வாய்க்காலில் கவிழ்ந்ததில் அவன் இறந்துபோனான். எதிரே வண்டி எதுவும் வரவில்லை. பிரேக் பிடித்த தடமும் இல்லை. தூங்கிவிட்டான் என்று எல்லாரும் சொன்னார்கள். அது உண்மையும்கூட.

"தூங்குனது தப்பில்லம்மா" என்றாள் சலோமி. "கொச்சிக்கு லோடு ஏத்திட்டுப் போயி மொத நாள் காலையிலதான் திரும்புனாரு. வந்த கையோட இன்னொரு லோடு எடுக்க மாட்டேன்னு வேளாங்கண்ணி மாதா பேரைச் சொல்லி எனக்குச் சத்தியம் பண்ணியிருந்தாரு. ஆனா அன்னிக்கு மத்தியானமே அடுத்த லோடுக்கு ஒத்துக்கிட்டாருன்னு லோடு அனுப்புற கம்பெனில சொல்றாங்க. மத்தியானம் அவரு அடிச்சுப்போட்ட மாதிரி தூங்கிட்டிருந்தாரு. தூங்குற மனுசன் எப்படிம்மா ஒத்துக்குவாரு?"

"எதுல ஒத்துக்கிட்டாரு?"

"வெப்சைட்டுலக்கா" என்று கார்த்திகேசன் குறுக்கே புகுந்தார். "முன்னெல்லாம் படகு கரைக்கு வந்தா ஐஸ் இருக்காது, ஐஸ் இருந்தா வண்டி இருக்காது. மீன் பாதி நாறிப்போகும். இப்ப படகுக்காரங்க, ஐஸ் பேக்டரி, தரம் பிரிக்கிற ஷெட்டு, வேன்காரங்க, கொச்சியில வாங்குறவங்க எல்லாரும் ஒரே வெப்சைட்டுக்குள்ள இருக்காங்க. ஒருத்தர் வேலை முடிஞ்சா அடுத்தவங்க போன்ல அலாரம் அடிக்கும். நம்ம ஊரு மீனுக்கு அதுக்கப்புறம்தான் நல்ல பேரே வந்துச்சு."

"அதுல பேரு, நம்பரு எல்லாம் போட்டாத்தான் லோடு கிடைக்கும்போல. எனக்கு அது ஒண்ணும் தெரியாது" என்றாள் சலோமி. குரல் மாறியது. "அவரு தம்பிக்குத் தெரியும்."

தம்பி யேசுராஜும் வேன் ஓட்டுகிறவன். அன்று மத்தியானம் அண்ணன் வீட்டுக்கு வந்து, கொடுவா மீன் கொடுத்துவிட்டு, இஞ்ஞாசியின் போனை எடுத்துச் சார்ஜில் போட்டிருக்கிறான். சலோமி அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். முறைப்படி அந்த லோடு யேசுராஜுக்கு வரவேண்டியது என்பது பிறகுதான் அவளுக்குத் தெரிந்தது.

"தன் தலையில விழுந்ததை அண்ணன் தலையில தள்ளிட்டுப் போயிருக்காரு. சவப்பெட்டியைத் தூக்க வந்தாரு. தொடாதீங்கன்னு சொல்லிட்டேன். ஊரும் அவருக்கு இப்ப லோடு குடுக்குறதில்ல. நாளைக்கு முப்பதாம் நாள் பூசைம்மா. அதுக்குள்ள எனக்கு உண்மை தெரியணும். அவருதான்னா போலீஸ்ல எழுதிக் குடுத்துடுவேன். கோயில் படி ஏற விடமாட்டேன்."

பங்கஜவல்லி நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அன்னிக்கு வீட்டுல வேற யாரு இருந்தா?"

"நான் மட்டும்தான். எங்களுக்குப் பிள்ளை இல்ல. அவரை எழுப்பிடக் கூடாதுன்னு அன்னிக்கு என்ன பாடு பட்டேன் தெரியுமா? கோழியை வெரட்டி, பக்கத்து வீட்டு டீவியைக் கொறைக்கச் சொல்லி, போன் கத்துனா அமுக்கி, கதவு காத்துல அடிக்காம துணியச் சொருகி... அப்படிப் பார்த்துக்கிட்டேன். சாயங்காலம் எந்திரிச்சாரு. போன்ல யாரோடயோ பேசினாரு. கெளம்புறேன்னாரு. சத்தியம் என்னாச்சுன்னு கேட்டேன். வாயே தெறக்கல. கோவத்துல நான் மூஞ்சியத் திருப்பிக்கிட்டேன். வாசல் வரைக்கும்கூடப் போகலம்மா."

அதுவரை அழாமல் பேசியவள் அப்போதுதான் அழுதாள்.

யேசுராஜ் வீட்டில்தான் இருந்தான். வேலை இல்லாத ஆண்பிள்ளை வீட்டில் இருக்கும்போது வீடு எப்படிச் சுருங்கிவிடும் என்பதை அந்தக் கூடத்தில் பார்க்கலாம். ஒரு மூலையில் சவரம் செய்யாத முகத்தோடு அவன். கொல்லைப்புறத் தாழ்வாரத்தில் மீன் செதில் சுரண்டிக்கொண்டு அவன் மனைவி ஜெனிஷா. விசாரிக்க வந்திருக்கிறோம் என்றதும் அவன் எரிச்சல்கூடப் படவில்லை.

"போனை சார்ஜ்ல போட்டேன். ஆமாங்க. சார்ஜ் இல்லாம கெடந்துச்சு, போட்டேன். அது ஒரு குத்தமா?"

"அப்புறம் எங்க போனீங்க?"

"நெரவியில மெக்கானிக் ஷெட்டுக்கு. என் வேன்ல கூலிங் மெஷின் போயிடுச்சு. அங்க நிக்கும்போதுதான் அந்த லோடு எனக்கு வந்துச்சு. வண்டி பிரிஞ்சு கெடக்கு, முடியாதுன்னு போட்டேன். முடியாதுன்னா சும்மா விடாதுங்க. என்ன காரணம்னு கேக்கும், போட்டோ எடுத்துப் போடுன்னு சொல்லும். எல்லாம் போட்டேன். அடுத்து அண்ணனுக்குப் போவும்னு எனக்குத் தெரியும். ஆனா அண்ணன் எடுக்கமாட்டாருன்னு நெனச்சேன்."

அவன் அதைச் சொல்லி முடிக்கும்முன் தாழ்வாரத்து ஜன்னலில் இருந்த அவனுடைய போன் அலறியது. கோயில் திருவிழா ஒலிபெருக்கியை வீட்டுக்குள் வைத்த மாதிரி ஒரு சத்தம். கார்த்திகேசன் நாற்காலியிலிருந்து துள்ளியே விட்டார். ஜெனிஷா திரும்பிப் பார்க்கவில்லை. மீன் கையைப் பாவாடையில் துடைத்து, விரலை நீட்டி ஒரு அமுக்கு. சத்தம் நின்றது. அவள் மறுபடி செதில் சுரண்டப் போனாள்.

"என்னம்மா அது?" என்றார் பங்கஜவல்லி.

"யாருக்குத் தெரியும்? படகு வந்துச்சும்பான், ஐஸ் ஏத்தியாச்சும்பான். நாள் பூரா இதே பாட்டுதான். போனைப் பூட்டி வச்சாலும் மேல வந்து கத்தும். பச்சையை அமுக்கினா வாய மூடும்."

"சிவப்பு ஒண்ணு இருக்கே?"

"அதைத் தொட்டா ஆயிரம் கேள்வி கேக்கும்மா. யாரு தொடுவா?"

வெளியே வந்ததும் கார்த்திகேசன் ஆட்டோவுக்குக் கைகாட்டிக்கொண்டே, "பொண்டாட்டி ரொம்ப உஷார்க்கா. கேள்விக்கு முன்னாடி பதில் வருது" என்றார். அவர் சந்தேகப்படாத ஆள் அன்றைக்கு ஊரில் ஆட்டோக்காரர் மட்டும்தான்.

லோடு கம்பெனியின் காரைக்கால் அலுவலகம் துறைமுகச் சாலையில் ஒரு மாடியில் இருந்தது. அந்த வெப்சைட்டை இங்கே நடத்துகிறவர் ஹரிஹரன். படித்த, மரியாதையான இளைஞர். கண்ணுக்குக் கீழே கருவளையம். கேட்டதையெல்லாம் திரையில் காட்டினார். அதுவே கார்த்திகேசனுக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

யேசுராஜின் மறுப்பு இருந்தது. கூடவே போட்டோவும்: பிரித்துப் போட்ட குளிர்பதன இயந்திரம், பக்கத்தில் கிரீஸ் கையோடு மெக்கானிக், பின்னால் நெரவி ஷெட்டின் பெயர்ப்பலகை. அது பதிவான உடனே லோடு இஞ்ஞாசியின் போனுக்குப் போயிருந்தது. போன உடனே, மூச்சு விடும் நேரத்துக்குள், ஏற்கப்பட்டிருந்தது.

"இதை நீங்க இங்கேருந்து அமுக்க முடியாதா?" என்று கார்த்திகேசன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கேட்டார்.

"முடியும் சார். ஆனா அப்படிச் செஞ்சா 'அலுவலகம்'னு பதிவாகும். வேணும்னா பாருங்க, வேற லோடுக்கு நானே போட்டது இதோ இருக்கு. இது இஞ்ஞாசி போன்லேருந்துதான் வந்திருக்கு."

கார்த்திகேசன் தானே நாற்காலியில் உட்கார்ந்து நெடுநேரம் நோண்டிப் பார்த்தார். பிறகு பங்கஜவல்லியிடம், ஹரிஹரன் சொல்வது சரிதான் என்று ஏமாற்றத்தோடு தலையாட்டினார்.

"லோடு எடுக்கச் சொல்றதுக்கும் பச்சைதானா?" என்றார் பங்கஜவல்லி.

ஹரிஹரன் தயங்கினார். "முன்னாடி நாங்க போன் பண்ணித்தான் கேப்போம். டிரைவருங்க யோசிச்சுச் சொல்றேம்பாங்க, அதுக்குள்ள மீன் ஏறி நிக்கும். அதனால போன மாசம் அதையும் இதே அலாரத்துல சேர்த்துட்டோம். ஒரே அமுக்குல முடிஞ்சுடும்னு..."

"யாரு சேர்த்தது?"

"நான்தாங்க."

"எல்லாருக்கும் சொன்னீங்களா?"

"வெப்சைட்டுல அறிவிப்பு போட்டோம்" என்றார் அவர். அதைச் சொல்லும்போது அவருக்கே அது போதாது என்று தெரிந்திருக்க வேண்டும், மேஜையைப் பார்த்துக்கொண்டார்.

"அன்னிக்குச் சாயங்காலம் இஞ்ஞாசியோட பேசுனது நீங்கதானே? அவரு சொன்னதை அப்படியே சொல்லுங்க தம்பி."

"வண்டி எப்ப வரும்னு கேட்டேன். நான் எதுவும் ஒத்துக்கலையேன்னாரு. மத்தியானம் உங்க போன்லேருந்துதான் வந்திருக்குன்னேன். வேற யாராவது அமுக்கியிருந்தா சொல்லுங்க, ஆனா போனை அடுத்தவங்க கையில குடுத்தா உங்க பதிவையே எடுத்துடுவாங்க, ஏன் குடுத்தன்னு வீட்டுக்கே விசாரிக்க வருவாங்கன்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்ல. லைன் கட்டாயிடுச்சோன்னு நெனச்சேன். அப்புறம், 'ஆமா சார், நான்தான் அமுக்கினேன், தூக்கக் கலக்கத்துல மறந்துட்டேன், வந்துடறேன்'னாரு."

பங்கஜவல்லி எழுந்தார். "சாயங்காலம் சலோமி வீட்டுக்கு வாங்க. நீங்களும் கேக்க வேண்டிய விஷயம் இருக்கு."

அரசலாற்றுப் பாலத்தில் ஆறு கலங்கிப் பெருகி ஓடியது. பங்கஜவல்லி அங்கே ஆட்டோவை நிறுத்தச் சொல்லி இறங்கி நின்றுகொண்டார். கார்த்திகேசன் குடையைப் பிடித்தபடி, யேசுராஜ் நெரவிக்கு வேறு யாரையாவது அனுப்பியிருக்கலாம், போட்டோ பழையதாக இருக்கலாம், ஹரிஹரன் மந்திரவாதியாகவே இருக்கலாம் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார்.

"கார்த்தி, கொஞ்சம் சும்மா இரு" என்றார் பங்கஜவல்லி. "எத்தனையோ கேஸ் பார்த்திருக்கேன். இதைக் கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம்னு இப்பத்தான் மொத தடவையா தோணுது."

"அப்ப தெரிஞ்சுபோச்சா? யாருக்கா?"

அவர் பாலத்துக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். சொன்னால் ஒரு உயிர் நொந்துபோகும். சொல்லாவிட்டால் பழி ஓரிடம் பாவம் ஓரிடமாக இன்னொருவன் காலம் முழுக்கத் தலைகுனிந்து நடப்பான். இரண்டில் எது குறைந்த பாவம் என்று சொல்ல அந்தப் பாலத்தில் யாரும் இல்லை.

சாயங்காலம் சலோமி வீட்டுக் கூடத்தில் ஆறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். சுவரில் இஞ்ஞாசியின் படம், அதன் முன் ஒரு மெழுகுவர்த்தி. யேசுராஜும் ஜெனிஷாவும் கதவை ஒட்டி உட்கார்ந்தார்கள். சலோமி அவர்களுக்குத் தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை.

பங்கஜவல்லி பேச ஆரம்பித்தார்.

"மொதல்ல யேசுராஜ். அவரு லோடு வேணாம்னு சொன்னப்புறம்தான் அது இஞ்ஞாசி போனுக்கே வந்துச்சு. வேணாம்னு சொன்னது நெரவி ஷெட்டுல நின்னுக்கிட்டு. போட்டோவுல மெக்கானிக்கும் இருக்காரு. மெக்கானிக்கை நான் வர்ற வழியில பார்த்துக் கேட்டுட்டேன், அன்னிக்கு எடுத்ததுதான். இங்க அலாரம் அடிச்ச உடனே யாரோ அமுக்கியிருக்காங்க. நெரவியில நிக்கிற ஆளு கை இந்த வீடு வரைக்கும் நீளாது. அவரு போனைத் தொட்டது அதுக்கு ரொம்ப முன்னாடி. அப்ப அதுல லோடே வரல."

யேசுராஜ் முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான். ஜெனிஷா அவன் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அடுத்தது ஹரிஹரன். அவரு அமுக்கியிருந்தா அலுவலகம்னு விழுந்திருக்கும். கார்த்தி துருவிப் பார்த்தாச்சு, அப்படி இல்ல."

"அப்ப அவரேதானா?" என்றாள் சலோமி. "சத்தியத்தை மீறி..."

"இல்லம்மா. அந்த அலாரத்தை நான் கேட்டேன். பொணமும் எந்திரிச்சு உக்காரும். அது தலைமாட்டுல அடிச்சும் மனுசன் சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. முழிச்சிருந்து ஒத்துக்கிட்டிருந்தா, சாயங்காலம் ஹரிஹரன் கிட்ட 'நான் எதுவும் ஒத்துக்கலையே'ன்னு ஏன் கேக்கணும்? ஆக, அவரு எந்திரிக்கறதுக்குள்ள, அடிச்ச உடனே, அந்தச் சத்தத்தை யாரோ நிறுத்தியிருக்காங்க. லோடு எடுக்கணும்னு நிறுத்தல. சத்தம் போடக்கூடாதுன்னு நிறுத்தியிருக்காங்க."

பங்கஜவல்லி ஜெனிஷாவின் பக்கம் திரும்பினார்.

"இந்த ஊருல வேன் வச்சிருக்கிற எந்த வீட்டுலயும் அந்தப் பச்சைக்கு ஒரே அர்த்தம்தான். வாய மூடுன்னு அர்த்தம். ஜெனிஷா மீன் கையோட அமுக்குனதை நான் பார்த்தேன். போன மாசம் வரைக்கும் அதனால ஒரு கெடுதியும் வரல. அதே பச்சையில லோடையும் சேர்த்தது இந்தத் தம்பி. சேர்த்ததை ஒரு வீட்டுலயும் வந்து சொல்லல."

ஹரிஹரன் தலை நிமிரவில்லை.

"அன்னிக்கு வீட்டுல நான் ஒருத்திதானே இருந்தேன்" என்றாள் சலோமி மெதுவாக. யாரிடமும் சொல்லவில்லை; தனக்குள் கணக்குப் பார்க்கிறவள் மாதிரி சொன்னாள். "கோழியை வெரட்டினேன்... போன் கத்துச்சு..."

தன் வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். கார்த்திகேசன் சட்டென்று எழுந்து ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டார்.

"நான்தானாம்மா?"

"நீ அவரைத் தூங்க வச்ச" என்றார் பங்கஜவல்லி. "நீ செஞ்சது அவ்வளவுதான். மிச்சத்தை வேற ஆளுங்க செஞ்சாங்க."

"அவருக்குத் தெரியுமா?"

இந்தக் கேள்விக்குத்தான் பங்கஜவல்லி பயந்திருந்தார். பொய் சொல்லலாம், இந்த நேரத்தில் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் புருஷன் சத்தியத்தை மீறிவிட்டான் என்ற முள்ளும் அதோடு அவள் நெஞ்சிலேயே கிடந்துவிடும். அவர் ஹரிஹரனைப் பார்த்தார். ஹரிஹரன் தொலைபேசியில் நடந்ததை ஒரு வார்த்தை விடாமல் சொன்னார். வேறு யாராவது அமுக்கினார்களா என்று தான் கேட்டதையும், நெடுநேரம் பேச்சில்லாமல் இருந்ததையும், பிறகு இஞ்ஞாசி சொன்ன பதிலையும்.

"மத்தியானம்னு சொன்ன உடனே அவருக்குப் புரிஞ்சுபோச்சும்மா" என்றார் பங்கஜவல்லி. "வீட்டுல இருந்தது நீ மட்டும்தான்னு அவருக்குத் தெரியாதா? உன் பேரு வெளிய வரக்கூடாதுன்னு நான்தான் அமுக்கினேன்னுட்டாரு. நீ சத்தியத்தைப் பத்திக் கேட்டப்ப வாயைத் தெறக்காததும் அதனாலதான். தெறந்திருந்தா உன்கிட்ட உண்மையைச் சொல்ல வேண்டி வந்திருக்கும்."

சலோமி கத்தி அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. படத்தையே பார்த்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஹரிஹரன் எழுந்து ஏதோ மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். பங்கஜவல்லி கையமர்த்தினார். "அதை மொதல்ல போயி பிரிச்சு வைங்க தம்பி. லோடுக்கு மறுபடி மனுசங்களே மனுசங்களைக் கூப்பிட்டுக் கேக்கட்டும். வீடு வீடாப் போயிச் சொல்லுங்க. மன்னிப்பை அப்புறம் கேக்கலாம்."

சலோமி படத்திலிருந்து கண்ணை எடுத்தாள். "நாளைக்குப் பூசை முடிஞ்சதும் ஊரு முன்னாடி நானே சொல்லிடறேன். என் வாயால சொன்னாத்தான் இவரு மேல உள்ள பழி போகும்."

கதவோரத்திலிருந்து யேசுராஜ் எழுந்து வந்தான். அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"வேணாம் அண்ணி. ஒருத்தருக்கும் சொல்ல வேணாம். ஊரு வாயி எப்படின்னு எனக்குத் தெரியும், ஒரு மாசமா பட்டுக்கிட்டிருக்கேன். புருஷனைக் கொன்னவளுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா நீங்க தாங்க மாட்டீங்க. நான்தான் அமுக்கினேன்னே இருக்கட்டும். எனக்குப் பழகிடுச்சு."

ஜெனிஷா விம்மினாள், ஆனாலும் கணவனைத் தடுக்கவில்லை. கார்த்திகேசன் பங்கஜவல்லியைப் பார்த்தார். அப்படியே விட்டுவிடலாமே என்று அந்தப் பார்வை கெஞ்சியது.

சலோமி குனிந்து யேசுராஜின் தலையைத் தொட்டாள். ஒரு மாதத்துக்குப் பிறகு அவனை முதன்முதலாகத் தம்பி என்று கூப்பிட்டாள்.

"தம்பி, நான்தான் அமுக்கினேன்னு சொல்லித்தான் உங்க அண்ணன் செத்துப்போனாரு. நீங்களும் சொல்லாதீங்க."

மறுநாள் பூசை முடிந்ததும் அவள் எழுந்து நின்று சொன்னாள். வேன்காரர்களின் மனைவிகள் நிறைந்திருந்த பெண்கள் பக்கத்தில், ஒவ்வொருத்தியும் குனிந்து தன் கையைப் பார்த்துக்கொண்டாள்.